ஈயக்குட்டை நீருக்குக் கரையிலும் ஒரு கண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டின் ஏரிகளையும் கரையோரக் கடலையும் செயற்கைக்கோள்களைக் கொண்டு கண்காணிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படிப்பட்ட பொருள் தமிழில் எழுதப்படுவதே அரிது என்பதால் அதை மனமார வரவேற்கிறேன். ஆயினும், இனிமேல் நீர் மாதிரி எடுக்க எவரும் புட்டியைத் தூக்கிக்கொண்டு குட்டைக்கும் ஆற்றுக்கும் அலைய வேண்டியதில்லை, எல்லாவற்றையும் மேலிருந்தே அறிந்துகொள்ளலாம் என்ற பொருள்பட அக்கட்டுரை முடிந்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகள் தோட்டப்புறப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற பழைய ஈயக்குட்டைகளுக்கு நடுவே குடியிருப்பவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் வயதானவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். இடையிடையே, ஈயம் வாரிய பெரிய மிதவைக் கப்பல்கள் விட்டுச் சென்ற குட்டைகள். அப்பால் காம்புட் எனப்படும் மட்குச் சதுப்புக் காடு. இவற்றின் ஊடே ஓடிக் கோலசிலாங்கூரில் கடல் சேரும் சிலாங்கூர் ஆறு. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு மலேசியச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குட்டைகள் மட்டும் நின்றுவிட்டன. அவை வெறும் தூண்டில் போடும் இடங்கள் அல்ல. 2014ஆம் ஆண்டு வறட்சியில் கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது இந்தக் குட்டைகளின் நீரை ஆற்றுக்கு இறைத்தார்கள் என்பதைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே எங்கள் குட்டையில் என்ன மிதக்கிறது என்பது கோலாலம்பூரில் குழாயைத் திறப்பவர்களுக்கும் உரிய கேள்வி.

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள குட்டையில் திலாப்பியா மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையொதுங்கின. உரிய அலுவலகம் ஒன்றுக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். ஆள் வந்தது திங்கட்கிழமை. அதற்குள் ஞாயிறன்று பெய்த மழையில் குட்டையின் நிறமே மாறிவிட்டது. எடுத்துச் சென்ற புட்டியில் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை என்று பின்னர் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பேத்தி, ஐரோப்பியரின் கோப்பர்னிக்கஸ் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைத் தன் மடிக்கணினியில் தேடிக் காட்டினாள். மீன் செத்ததற்கு இரண்டு நாள் முன்பு எடுத்த படத்தில் முழுவதும் மேகம். அதற்கும் ஐந்து நாள் முந்தைய படத்தில், குட்டையின் வடமேற்கு மூலையில் ஒரு பச்சைத் திட்டு தெளிவாக இருந்தது. அந்தப் பச்சை என்ன? பாசியா, ஆகாயத் தாமரையா, காற்று ஒதுக்கித் தள்ளிய வேறு ஏதேனும் பூண்டா? சொல்வதற்கு அந்த நாளில் எடுத்த ஒரு குவளை நீர் எங்களில் எவரிடமும் இல்லை. நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

செயற்கைக்கோள் நீரைப் பார்ப்பதில்லை. நீரிலிருந்து திரும்பி வரும் ஒளியை மட்டுமே அளக்கிறது. அண்மை அகச்சிவப்பு எனப்படும், நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியை நீர் ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடுவதால், அந்த ஒளியில் எடுத்த படத்தில் தெளிந்த குட்டை கரியைப் போலக் கறுத்தும், செம்பனை ஓலையும் ஆகாயத் தாமரையும் பளீரென்று வெளுத்தும் தெரியும். நீரின் பரப்பளவு கூடியதா குறைந்ததா, மிதக்கும் செடிகள் எவ்வளவு தூரம் மூடியிருக்கின்றன என்பன போன்ற கேள்விகளுக்கு இந்த வேறுபாடே போதும். நீரில் கலந்திருக்கும் நுண்பாசியை அளப்பது இதைவிட நுட்பமான வேலை. பாசியிலுள்ள பச்சையம் நீல ஒளியை 443 நானோமீட்டர் அலைநீள அளவிலும் சிவப்பு ஒளியை 670 நானோமீட்டர் அளவிலும் மிகுதியாக உறிஞ்சும்; பாசி அடர்ந்த நீரில் 705 நானோமீட்டர் அருகே ஒளி சிறு மேடுபோல் உயரும். சென்டினல்-2இல் 665இலும் 705இலும் அந்தந்த அலைநீள ஒளியை மட்டும் அளக்கும் தனித்தனிப் பட்டைகள் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பச்சையத்தின் அளவைக் கணிக்கிறார்கள். நச்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசிக்குச் சிறப்பாக உரிய மற்றொரு நிறமி 620 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுகிறது. அதைப் பிடிக்கும் பட்டை சென்டினல்-3 என்ற மற்றொரு செயற்கைக்கோளில் உண்டு, சென்டினல்-2இல் இல்லை. ஆனால் சென்டினல்-3இன் ஒரு படப்புள்ளி 300 மீட்டர் அகலமும் 300 மீட்டர் நீளமும் உடையது, அதாவது ஒன்பது ஹெக்டர். கடலுக்கும் பெரிய ஏரிக்கும் அது பொருந்தும். எங்கள் குட்டைகளில் பல அந்த ஒரே புள்ளிக்குள் கரையோடு சேர்ந்து கரைந்துபோகும். சென்டினல்-2இன் புள்ளியோ, 705 பட்டையில் இருபது மீட்டர், 665 பட்டையில் பத்து மீட்டர்தான். ஒன்பது மீட்டர் இடைவெளியில் கன்று நட்டுப் பழகிய தோட்டத்து மக்களுக்கு, பத்து மீட்டர் என்பது ஒரு செம்பனை மரம் ஓலை விரிக்கும் இடம் என்று சொன்னால் உடனே விளங்கும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் நம் நாட்டு நீர் ஏமாற்றும். ஆழ்கடலில் பாசியைத் தவிர நிறம் கொடுக்கும் பொருள் வேறு அதிகம் இல்லாததால், 1978இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் கொண்டு சென்ற கருவி முதற்கொண்டு, நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் உள்ள விகிதத்தை வைத்தே கடல்நீரின் பச்சையத்தைக் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். நீலம் குறைந்தால் பாசி மிகுதி என்பது அந்தக் கணக்கின் சாரம். அதே கணக்கை எங்கள் பக்கத்து நீருக்குப் போட்டால் என்ன ஆகும்? காம்புட் காட்டிலிருந்து வடியும் வாய்க்கால் நீர், மட்கிய இலைதழைகளின் சாயம் இறங்கி, கடையில் ஆற்றிக் கொடுக்கும், பால் கலக்காத தேநீரான தே ஓ நிறத்தில் இருக்கும். மழைக்குப் பிந்தைய ஆறு வண்டல் கலங்கிப் பால் தேநீரான தே தாரிக் நிறத்தில் ஓடும். தே ஓ நீரின் சாயமும் நீல ஒளியைத்தான் விழுங்குகிறது. ஆகவே பாசியே இல்லாத நீரைப் பாசி நிறைந்தது என்று கணக்கு அடித்துச் சொல்லிவிடும். கோலசிலாங்கூர் முகத்துவாரத்தில் ஆற்று வண்டல், காம்புட் சாயம், உண்மையான கடல் நுண்பாசி ஆகிய மூன்றும் ஒரே படப்புள்ளிக்குள் கலக்கின்றன. சிவப்பு ஒளியைக் கொண்டு போடும் கணக்கு ஓரளவு கைகொடுக்கும் என்றாலும், அதன் எண்களையும் ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஏற்ப, அங்கேயே எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பஹாங் மாநிலத்தில் பெரா ஏரி நீரும் காம்புட் சாயம் ஏறியதே. குளிர்நாட்டு ஏரிகளுக்கென்று உருவாக்கிய வாய்பாட்டை அங்கே அப்படியே எடுத்துப் போடுவது, ஒருவருக்குத் தைத்த சட்டையை மற்றொருவருக்கு மாட்டிவிட்டு அவர் உடம்பில் குறை காண்பது போலாகும்.

நீரிலிருந்து வரும் ஒளியே மிகச் சொற்பம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் செயற்கைக்கோள் பெறும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு வரை, காற்று மண்டலத்தில் சிதறி வழிமாறி வந்த ஒளியாகவே இருக்கிறது. அதைக் கழித்த பிறகு எஞ்சும் சிறு பங்கில்தான் குட்டையின் கதை இருக்கிறது. 2015ஆம் ஆண்டைப் போலப் புகைமூட்டம் சூழ்ந்துவிட்டால் அந்தக் கழித்தல் கணக்கு எவ்வளவு தடுமாறும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் உச்சிக்கு ஏறி நிற்பதால் நீரில் பட்டு நேராகத் தெறிக்கும் வெயில், படத்தையே வெளிறச் செய்வதும் உண்டு. மேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐந்து நாளுக்கு ஒரு படம் என்பது கணக்குப் புத்தகத்தில் சரி, மழைக்காலத்தில் மாதத்திற்கு ஒரு நல்ல படம் கிடைத்தாலே பெரிது. மேகத்தை ஊடுருவும் ராடார் அலைகளைக் கொண்ட சென்டினல்-1 இருக்கிறது. வெள்ளத்தின் பரப்பையும் மலாக்கா நீரிணையில் கப்பல்கள் சிந்தும் எண்ணெய்ப் படலத்தையும் அது காட்டும். நிறத்தை மட்டும் அது அறியாது.

இவற்றையெல்லாம் சொல்வதால் நான் செயற்கைக்கோளுக்கு எதிரி என்று எவரும் எண்ண வேண்டாம். அது செய்யும் ஒரு வேலையை வேறு எதனாலும் செய்ய முடியாது. அது பழையதை நினைவில் வைத்திருக்கிறது. 1972 ஜூலையில் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அப்போது எங்கள் ஊரில் ஈயக் கப்பல்கள் இரவும் பகலும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தன. 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-5 ஏறக்குறைய 29 ஆண்டுகள் உழைத்தது. 2008 முதல் அந்தச் சேமிப்பு முழுவதையும் உலக மக்கள் எவரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பேராக் மாநிலத்தின் மாத்தாங் அலையாத்திக் காட்டில், நாம் பாக்காவ் காடு என்கிறோமே, அங்கே கரிச்சூளைக்காக முப்பது ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வெட்டி மீண்டும் வளரவிடும் ஒழுங்கு நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. வெட்டிய கட்டங்களும் வளர்ந்த கட்டங்களும் அந்தப் படவரிசையில் சதுரங்கப் பலகைபோல மாறி மாறித் தெரியும். எங்கள் ஆற்றின் கீழ்க்கரையில் கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். மின்மினியைச் செயற்கைக்கோள் காணாது. ஆனால் அவை தங்கும் பெரெம்பாங் மரவரிசை கரையோரத்தில் எங்கே அறுந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். சீனாவின் தாய்ஹு ஏரியில் 2007ஆம் ஆண்டு நீலப்பச்சைப் பாசி பெருகி, வூசி நகரத்தில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேரின் குடிநீர் கெட்ட பிறகு, அந்த ஏரியின் பாசியை விண்ணிலிருந்து தொடர்ந்து பின்பற்றுவது வழக்கமாகிவிட்டது. நம் நாட்டிலும் தேவை இல்லாமல் இல்லை. நஹ்ரிம் எனப்படும் தேசிய நீர் ஆய்வுக் கழகம் 2005இல் மேற்கொண்ட மதிப்பீட்டில், எடுத்துக்கொண்ட 90 ஏரிகளில் 56 ஏரிகள் ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகும் நிலையை அடைந்திருந்தன. தொலையுணர்வுக்கென 1988இல் தொடங்கப்பட்ட மாக்ரெஸ் நடுவத்தின் வழிவந்த அமைப்பு, 2019இல் தேசிய விண்வெளி நிறுவனத்தோடு இணைந்து மைசா என்ற பெயரில் இயங்குகிறது. படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

காணாதவற்றின் பட்டியலையும் மறைக்கக் கூடாது. குட்டை அடியில் படிந்திருக்கக்கூடிய ஆர்செனிக்கும் காரீயமும் ஒளிக்கு நிறம் தருவதில்லை. அவற்றுக்கு ஆய்வுக்கூடம் ஒன்றே வழி. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் நாற்றம் வீசும் கழிவு கலந்து நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டபோது, அதை முதலில் கண்டது மூக்கே தவிர விண்ணிலிருந்த கருவி அன்று. எங்கள் திலாப்பியா செத்த விதத்தையும் எண்ணிப் பாருங்கள். பாசி பகலில் வெயிலைக் கொண்டு உயிர்வளியை வெளியிடும். இரவில் அதுவும் சேர்ந்து மூச்சுவிட்டு உயிர்வளியைச் செலவழிக்கும். அதனால் நீரில் கரைந்த உயிர்வளி விடியலுக்குச் சற்று முன்னர்தான் மிகக் குறைவாக இருக்கும். மீன் சாவதும் அப்போதுதான். செயற்கைக்கோள் வருவது முற்பகலில். அது எட்டிப் பார்க்கும் நேரத்தில், கொலை நடந்த வீட்டில் விளக்கேற்றி வைத்ததுபோல எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

என் வேண்டுகோள் சிறியது. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். இன்றைக்கும் ஏரி ஆய்வாளர்கள் அதையே செய்கிறார்கள். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டை நான்காகப் பகுத்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசிவிட்டால் போதும். தட்டு மறையும் ஆழத்தையும், மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். வண்ணமும் கயிறும் அடியில் கட்டும் எடையும் சேர்த்தாலும் பெரிய செலவு ஆகாது. இந்த எண்ணோடு நாள், நேரம், நீரின் நிறம், நாற்றம் உண்டா இல்லையா, மேலே எது மிதக்கிறது என்பதற்கு நெருக்கத்தில் எடுத்த ஒரு கைப்பேசிப் படம் ஆகியவை சேர்ந்தால், விண்ணிலிருந்து எடுத்த படத்தை உரசிப் பார்க்க அது உரைகல் ஆகிவிடும். நிபுணர்கள் இத்தகைய ஒப்பீட்டுக்குச் செயற்கைக்கோள் கடக்கும் நேரத்திற்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரம் வரை அனுமதிக்கிறார்கள்.

அந்த நேரமும் நமக்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. சென்டினல்-2உம் லேண்ட்சாட்டும் சூரிய நேரப்படி காலை பத்து, பத்தரை மணி அளவில் கடக்கின்றன. 1982 ஜனவரி முதல் நாளில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததை என் வயதினர் நினைவில் வைத்திருப்பார்கள். அதையும் சேர்த்து நம் கடிகாரம் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆகவே அவை நம் தலைக்கு மேல் வருவது பகல் 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில். காலைப் பள்ளி இன்னும் முடியாத நேரம் அது. தோட்டத்தில் விடியலில் வேலைக்கு இறங்கியவர்கள் சாப்பிட உட்காரும் நேரமும் ஏறத்தாழ அதுவே. ஊருக்கு ஒரு பள்ளியின் அறிவியல் கழகம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து இரண்டு பெரியவர்கள், ஒரு குறிப்பேடு என்று இருந்தால், ஓராண்டில் எந்த நிறுவனத்திடமும் இல்லாத ஒரு பதிவு சேர்ந்துவிடும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கையும் உண்டு. ஈயக்குட்டையின் கரை செங்குத்தானது. ஓரடி இறங்கினால் முழங்கால், மறு அடியில் ஆளை விழுங்கும் ஆழம். ஆகவே பிள்ளைகள் கரையிலிருந்து எட்டி நின்று குறிப்பெழுதட்டும். தட்டை இறக்குவது மிதவைச் சட்டை அணிந்த பெரியவர்களின் வேலை, அதுவும் பாலத்திலிருந்தோ உறுதியான மேடையிலிருந்தோ மட்டும். இதற்கு உடன்படாத ஊர் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

தங்கள் நாளிதழிடம் நான் கேட்பது இரண்டு வரி இடம். சென்டினல்-2 எங்கள் வட்டாரத்தைக் கடக்கும் நாள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை முறைவைத்து வருபவை, ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். நாள்தோறும் ராசிபலன் வெளியிடும் பக்கத்தின் அடியில், செயற்கைக்கோள் வரும் நாளில் மட்டும் ‘இன்று முற்பகல் படம் எடுக்கப்படும்’ என்று அச்சிட்டால் போதும். மாநிலவாரியாக நாள்களைக் கணக்கிட்டு அனுப்ப என் பேத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். பழைய பால்மாவு டின்னின் மூடியில் வண்ணம் பூசி ஒரு தட்டு செய்து வைத்திருக்கிறேன்; கழுவிக் காயவைத்ததில் கறுப்பு சற்று உரிந்துவிட்டதால், இந்த வாரம் மறுபடியும் பூச வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.